நவம்பரில் பை கனக்கும்

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நிற்கிறேன். நாங்கள் தம்பி என்று கூப்பிடும் மகன் முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு துணிப்பை, இரண்டு கையிலும் காகிதப்பை என்று தள்ளாடிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பின்னால் மகள் பாப்பா, களிமண்ணில் செய்த ஏதோ ஒன்றைக் கோயில் தீர்த்தம்போல இரண்டு கையாலும் ஏந்தி வருகிறாள்.

"என்ன பாப்பா இது, ஆமையா?"

"இல்லம்மா. உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்."

சரி. ஜனவரி 2ஆம் தேதி தொடங்கிய பள்ளி ஆண்டு அத்தோடு முடிந்தது. தம்பி அப்போது தொடக்கநிலை 4, பாப்பா தொடக்கநிலை 2. வீட்டுக்கு வந்து கூடத்தில் பழைய பேப்பரை விரித்து எல்லாப் பையையும் கவிழ்த்தோம். பாதி அழிப்பான் ஏழு, மூடியில்லாத பசைக்குச்சி மூன்று, எங்களுடையதல்லாத ஒரு தண்ணீர் போத்தல், ஆகஸ்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க வேண்டிய ஒரு படிவம். அப்புறம் தாள்கள். ஒரு வருஷத்துத் தாள்கள்.

அன்று சாயங்காலம் எதையும் தூக்கிப்போடக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் வந்ததற்கு நான்தான் காரணம்.

2023இல் தம்பி தொடக்கநிலை 3 முடித்தான். இங்கே 2019இலிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வே கிடையாது என்பதால், மூன்றாம் வகுப்பில்தான் பிள்ளைகள் முதன்முதலாகத் தேர்வைப் பார்க்கிறார்கள். தாள் என்றால் தாள், அப்படிச் சேர்ந்திருந்தது. தீபாவளிக்கு வீட்டைத் துடைத்த வேகம் இன்னும் கையில் இருந்தது. கீழே பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும் மேலே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அறிவியல் நோட்டு, திருத்திய பயிற்சித்தாள், ஃபைலோடு. இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர், கொடுத்தார். அதில் கோப்பி வாங்கிக் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தம்பி தொடக்கநிலை 5. ஒருநாள் காந்தத்தைப் பற்றிய ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, "இது பி3ல படிச்சதும்மா, அந்த நோட்டு எங்க?" என்றான். அந்த நோட்டு காராங் கூனியிடம். ஆறாம் வகுப்பில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் அறிவியல் தாள் ஆறாம் வகுப்புப் பாடத்தை மட்டும் கேட்பதில்லை. மூன்றாம் வகுப்பின் காந்தமும் உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சியும், நான்காம் வகுப்பின் ஒளியும் வெப்பமும், எல்லாமே அதில் வரும். மூன்றில் தொடங்கி ஆறு வரை அது ஒரே பாடம். யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: அறிவியல் மட்டும் நான்கு வருஷத்துக்கும் வைத்திருங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். புத்தகப் பட்டியலில் 'முந்தைய ஆண்டுப் புத்தகத்தையே பயன்படுத்தலாம்' என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பாடநூலையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மற்ற பாடங்களில் நான் வைத்துக்கொள்வது கொஞ்சம்தான். திருத்தம் செய்த தாள் இருக்கட்டும், வெறும் சரி போட்ட தாள் போகட்டும். கட்டுரைகளில் ஐந்தாறு, அதுவும் பிள்ளையே பொறுக்கியது. பாப்பா பொறுக்கியதில் பாதி ஸ்டிக்கர் ஒட்டிய பக்கங்கள். இருக்கட்டுமே.

2024இல் தேர்வு முடிந்து இரண்டு நாளில் தீபாவளி, அக்டோபர் 31. அடுத்த வாரம் திருத்திய தாள்கள் வரத் தொடங்கின. பள்ளிக்குப் பள்ளி இது மாறும். சில இடங்களில் தாளை வீட்டுக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், சில இடங்களில் வகுப்பில் பார்ப்பதோடு சரி. எங்களுக்கு ஒரே ஓர் இரவு கிடைத்தது. தம்பிக்குக் கணக்கில் 53.

என் மாமியார் பழைய பழக்கத்தில் கேட்டார், "எத்தனாவது ரேங்க்?" இப்போது ரிப்போர்ட் புக்கில் ரேங்க் போடுவதில்லை அத்தை, 2019லேயே எடுத்துவிட்டார்கள் என்றேன். "அப்ப எப்படித் தெரியும், நல்லாப் படிக்கிறானா இல்லையான்னு?" என்றார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அன்றிரவு அதே கேள்விதான்.

பிள்ளைகள் தூங்கியதும் சமையலறை மேசையில் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதிப்பெண் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, போன இடத்தை மட்டும் எண்ணினேன். போனது 47. அதில் 19 மதிப்பெண் கடைசி பக்கங்களில், ஒன்றும் எழுதாமல் விட்டது. 9 மதிப்பெண், கேள்வியில் இருந்த எண்ணைத் தப்பாக எடுத்து எழுதியது. ஓர் இடத்தில் 36 என்பது அடுத்த வரியில் 63 ஆகியிருக்கிறது, அதற்கப்புறம் அத்தனை படியும் ஒழுங்காக, அழகாக, தப்பான விடையை நோக்கிப் போயிருக்கின்றன. உண்மையிலேயே தெரியாமல் போனது மிச்சம் 19, அதுவும் பெரும்பாலும் பின்னம்.

இந்த எண்ணிக்கையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். இருபது நிமிஷ வேலை. அந்த ஆண்டில் பிள்ளையின் படிப்புக்காக நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதுவரை 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு சிக்கலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நேரம் போதாததற்கு மருந்து வேறு, பின்னம் தெரியாததற்கு மருந்து வேறு.

அந்தத் துண்டுக் காகிதம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் கை கொடுத்தது. நான்காம் வகுப்பின் கடைசியில் ஒரு படிவம் வரும். ஐந்தாம் வகுப்பில் எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிப்பது என்று பள்ளி ஒரு பரிந்துரை செய்யும், பெற்றோர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். தம்பிக்கு நான்கு பாடமும் வழக்கமான நிலையிலேயே, கூடவே தமிழை இன்னும் ஆழமாகப் படிக்கும் உயர்தமிழ் என்று வந்திருந்தது. உயர்தமிழைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமை. என் வீட்டுக்காரருக்கு அந்த 53தான் கண்ணில் பட்டது. கணக்கை மட்டும் எளிதான நிலையான ஃபவுண்டேஷனுக்கு மாற்றிவிட்டால் பையனுக்கு நிம்மதியாக இருக்குமே என்றார்.

வகுப்பாசிரியர் பொறுமையாகச் சொன்னார். பிஎஸ்எல்இயில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90உம் அதற்கு மேலும் என்றால் 1, அப்படியே இறங்கி வந்தால் 45 முதல் 64 வரை 6. ஃபவுண்டேஷன் பாடத்தில் ஆக நல்ல தரமான ஏ வாங்கினாலும் அது 6க்குத்தான் சமம். ஆக, தம்பி இப்போது எடுத்திருக்கும் 53உம் அதே 6தான். மாற்றினால் மேலே போக இடமே இருக்காது, மாற்றாவிட்டால் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிவில் பார்த்துவிட்டு அப்போதும் மாற்றலாம் என்றார். அடித்துக் கொண்டு அழும் அளவுக்குக் கணக்கு வதைக்கிற பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் நல்ல வழி என்றும் அவரே சொன்னார். என் அக்கா மகன் அப்படித்தான் போனான், முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அழுகை இல்லை. கடைசிப் பக்கம்தான் காலி.

நான் அந்த 19, 9, 19ஐக் காட்டினேன். ஆசிரியர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நேரத்தை வைத்துச் செய்யும் பயிற்சியை டிசம்பரில் வாரத்துக்கு ஒன்று செய்தால் போதும், மொத்தமாக அசெஸ்மெண்ட் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் குவிக்க வேண்டாம் என்றார். பாப்புலர் புத்தகக் கடையில் கூடை நிறைய வாங்கும் பழக்கம் உள்ள எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. போன டிசம்பரில் வாங்கியதில் இரண்டு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கின்றன.

உயர்தமிழ் மதிப்பெண் பிஎஸ்எல்இ மொத்தப் புள்ளியில் சேராது. "அப்புறம் எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். வாரம் முழுக்கக் கணக்கில் அடி வாங்கும் பிள்ளைக்குத் தலை நிமிர்ந்து உட்கார ஓர் அறை வேண்டாமா என்றேன். எடுத்தோம். செய்தது சரிதானா என்று தெரிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

இனி விமான டிக்கெட் கதை. இது 2022, தம்பி அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி நவம்பர் 18இல் முடிகிறது. திருச்சிக்கு 18க்கு அப்புறம் டிக்கெட் விலை உச்சியில், ஒரு வாரம் முன்னால் என்றால் கிட்டத்தட்டப் பாதி. ஊரில் கல்யாணம் வேறு. தேர்வே இல்லாத வகுப்பு, கடைசி வாரம் படம் போட்டுக் காட்டுவார்கள், விளையாட விடுவார்கள், அதற்கு எதற்கு நான்கு பேரும் இத்தனை வெள்ளி கொடுக்க வேண்டும்? பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு 11ஆம் தேதி இரவே பறந்துவிட்டோம். பள்ளியும் பெற்றோரும் பயன்படுத்தும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பயணத் தகவலைப் பதிந்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைப்பு.

இங்கே பல பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு முடிந்தும் நான்காம் வகுப்பு முடிந்தும் வகுப்பைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குவார்கள். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த பையன் வேறு வகுப்புக்குப் போய்விடுவான். அந்தச் செய்தி கடைசி நாட்களில்தான் வரும். அன்றைக்கு வகுப்பே சந்தைக்கடைபோல இருக்குமாம். யார் யார் எங்கே என்று கத்தி, அழுது, சட்டைமேல் கையெழுத்துப் போட்டு, தொலைபேசி எண் எழுதிக் கொடுத்து. தம்பிக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. செயலியில் வந்த வகுப்புக் கடிதத்தையும் நான் கல்யாண அமளியில் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2023 ஜனவரி 3ஆம் தேதி காலை, அணிவகுப்புத் திடலில் பழைய நண்பன் நின்ற வரிசையில் போய் நின்றிருக்கிறான். பெயர் கூப்பிடவில்லை. மூன்று வரிசை மாறி நின்று, கடைசியில் ஓர் ஆசிரியர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டிருக்கிறார். சாப்பிடும்போது அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மிச்சம் பிடித்த பணம் ஊரில் பட்டுப்புடவையாகிவிட்டது. அதைக் கட்டும்போதெல்லாம் அந்த வரிசை ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு கடைசி நாள் மணி அடித்த பிறகுதான் எங்களுக்கு விமானம். 2024இல் இரண்டு பிள்ளைகளுக்குமே வகுப்பு மாறும் ஆண்டு. முன்கூட்டியே சொல்லி வைத்தேன், யார் எண் வேண்டும் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று. தம்பி நான்கு எண்ணோடு வந்தான். பாப்பா பதினேழு! அதில் ஒன்று பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்கும் மாக்சிக்கினுடையது, அந்த மலாய் அம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வகுப்புக் கலைப்பில் ஒரு சலுகை இருக்கிறது. அதை யாரும் சலுகை என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் பள்ளியில் தாய்மொழிப் பாட நேரம் வந்தால் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர், மூன்று பேர் எழுந்து புத்தகத்தோடு தமிழ் அறைக்கு நடப்பார்கள். அந்த அறையில் மொத்தமே பதினொரு பேர். 5 ரெசிலியன்ஸ், 5 ரெஸ்பெக்ட் என்று எந்தப் பெயருள்ள வகுப்பில் தூக்கிப் போட்டாலும் அந்தப் பதினொரு பேரும் முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை அதே பதினொரு பேர்தான். சண்டை போட்டாலும் வேறு வழியில்லை, அவர்களோடுதான் சமாதானம். வகுப்புத் தாளைப் பார்த்துத் தம்பி முகம் சுருங்கியபோது, "தமிழ் கிளாஸ் மாறாதுடா" என்றதும் கொஞ்சம் தெளிந்தது. புது வகுப்பில் கூட வருபவன் தமிழ் அறையில் எதிர்வரிசையில் உட்காருபவன் என்று அப்புறம்தான் கவனித்தான்.

சாமான் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சீருடையை நவம்பரில் அளவெடுக்க வேண்டாம், ஊருக்குப் போய்ப் பாட்டி கைச்சாப்பாடு ஆறு வாரம் சாப்பிட்டு வந்தால் அளவு மாறிவிடும். ஆனால் டிசம்பர் கடைசி வாரம் வரை விட்டால் வரிசையில் நிற்க வேண்டும், பள்ளிப் புத்தகக் கடை எந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதைப் பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள். வெள்ளைச் சப்பாத்து ஜனவரிக்கு இரண்டு நாள் முன்னால் போதும். பழைய பாடநூலை ஃபேர்பிரைஸ் பேரங்காடிகளில் சேகரிக்கிறார்கள், பாடநூல் பகிர்வுத் திட்டம் என்று 1983 முதல் நடக்கிறது. பென்சில் குறிப்பை அழித்துவிட்டுக் கொடுத்தால் வாங்குகிற பிள்ளைக்கு மரியாதை. வீட்டில் கை கடிக்கிறது என்றால் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு மனுச் செய்யுங்கள், சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடையும் அதில் இலவசம். போன வருஷம் கிடைத்ததே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அதற்கு வருஷா வருஷம் எழுதிப்போட வேண்டும். பக்கத்து புளோக் தோழி ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் படிவத்தைக் கேட்காமலே ஒரு வருஷம் விட்டுவிட்டாள். பள்ளி அலுவலகத்தில் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை, அது அவர்களுக்குத் தினசரி வேலை.

ஆசிரியர்களுக்குப் பரிசு வாங்குவதில் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஆளுக்குப் பத்து வெள்ளி போடலாம், பரிசுக் கூப்பன் வாங்கலாம் என்று. அவர்கள் அரசு ஊழியர்கள், விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தால் மேலிடத்தில் சொல்லி விளக்க வேண்டிய சங்கடம் அவர்களுக்குத்தான். நான் அந்தப் பட்டிமன்றத்தில் பேசுவதில்லை. பிள்ளை கையால் ஓர் அட்டை, அதோடு தீபாவளி முறுக்கு மிச்சமிருந்தால் ஒரு டப்பா.

அந்த அட்டைக்கு வருகிறேன். கடைசி நாளுக்கு முந்தின இரவு தம்பி தன் தமிழாசிரியருக்கு எழுதினான். மஞ்சள் அட்டை, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோலம். நான்கு வருஷம் அவனுக்கு 'ழ'வை நாக்கு மடித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர். யாரும் பார்க்கக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதி முடித்துப் பையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனான். தண்ணீர் போத்தல் வைக்கப் போனபோது நான் பார்த்துவிட்டேன்.

'அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் பனியை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன்.'

வருஷம் முழுக்க முப்பது டிகிரி கொதிக்கும் ஊரில் பனி. சிரிப்பு வந்தது. ரப்பர் எடுத்தேன், ஆனால் பேனாவால் எழுதியிருந்தான். எழுப்பிச் சொல்லலாமா, நானே ஒரு சுழி சேர்த்துவிடலாமா என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சொல்வதெழுதுதல் என்றால் நானும் விட்டிருக்க மாட்டேன். இது அவன் மறைத்து எழுதியது. திரும்பப் பையிலேயே வைத்தேன்.

ஜனவரியில் பள்ளி திறந்து இரண்டாம் வாரம் இருக்கும். வந்த வேகத்தில் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, பனிக்கு ரெண்டு சுழி. பணிக்கு மூணு சுழி."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல? அவங்க அதைத் தமிழ் ரூம் போர்டுல ஒட்டி வச்சிருக்காங்கம்மா. எல்லாரும் படிக்கிறாங்க!"

"எடுத்துட்டு வந்து மாத்தி எழுதிக் கொடேன்."

கொஞ்சம் யோசித்தான். "வேணாம்" என்றான். "அவங்க அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்னோமேன் வரைஞ்சிருக்காங்க."